சின்னவள் கைப் போணி

என் தங்கையைக் காரைக்காலுக்கு அனுப்பிவிடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எனக்குப் பதினொரு வயது. அவளுக்கு நாலு முடியவில்லை. அன்று வந்த கோபத்தை இத்தனை வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் சூடு குறையாமல்தான் இருக்கிறது.

கேட்டது அத்தை, அப்பாவின் அக்கா. காரைக்காலில் அவளுக்கு மாடி வீடு, தோட்டம், வேலைக்கு ஆள் எல்லாம் உண்டு. பிள்ளை மட்டும் இல்லை. அம்மா விஷக்காய்ச்சலில் விழுந்து, காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்த நேரம் அது. சமையல்காரி காய்ச்சலுக்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அப்பா பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு போவார், மதியம் சாப்பிட வருவார், மறுபடி போவார். அவர் கையில் காய்கறிக் கூடையை நாங்கள் பார்த்ததே இல்லை.

"சின்னத நான் கொண்டுபோறேன் தம்பி. அவ அம்மா எழுந்து நடமாடுற வரைக்கும்தான்" என்றாள் அத்தை.

அந்த "வரைக்கும்தான்" எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பையனை இப்படித்தான், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்தவன் பெற்றவளைப் பார்த்து "பெரியம்மா" என்றான். என் காதால் கேட்டேன். அவன் அம்மா உள்ளே போய் அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுததையும் பார்த்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். "யாரும் எங்கயும் போவ வேணாம். வீட்ட நான் பாத்துக்குறேன். மார்க்கெட்டுக்கும் நானே போறேன்."

அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இவ ஆசையையும் பாத்துடுவோம். உயிர்த்த ஞாயித்துக்கு நான் மறுபடி வர்றேன். அதுவரைக்கும் ஒழுங்கா நடத்தி, எனக்கும் வாய்க்கு ருசியா ஒரு சாப்பாடு போட்டாள்னா சின்னது இங்கயே இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, ஆரம்பித்திருந்தது. அத்தை ரயிலேறியதும் நான் சமையலறையில் தொங்கிய கூடையை இறக்கித் தூசி தட்டினேன்.

சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் எனக்குத் தெரியும். மற்றதை அம்மா படுத்தபடியே சொல்லிவிடுவாள். மார்க்கெட்டுதான் எனக்குப் பழக்கமில்லாதது. தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவளையும் கையில் பிடித்துக்கொண்டு காலையில் பெரிய கடை மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். உள்ளே மேடை போட்ட கடைகளில் இருப்பவர்கள் வியாபாரிகள். விளைந்ததைத் தாங்களே சுமந்து வரும் குடியானவர்கள் வெளிச் சுவரோரம் சாக்கை விரித்து வரிசையாக உட்காருவார்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வருவார்கள். காலாப்பட்டிலிருந்து நடந்தே வருவார்கள். எங்கள் ஊரும் காலாப்பட்டும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தாலும் நடுவழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும். சுங்கச் சாவடியில் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விடுவான். கூடை கிளறப்பட்ட அன்று கீரைக்கட்டெல்லாம் தலைகலைந்து வந்து சேரும்.

முதல் நாள் நான் வாங்கியதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பளபளவென்று இருந்தது என்று ஒரு குவியல் கத்தரிக்காய் வாங்கினேன். அரிந்தால் ஒவ்வொன்றிலும் புழு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வெண்டைக்காய் பெரிது பெரிதாக இருந்ததால் லாபம் என்று நினைத்து வாங்கினேன். வேகவைத்தால் விறகு மாதிரி கிடந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

யாரிடமும் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். கேட்டால் "உனக்கு எதுக்கு இந்த வேலை, அத்தை வந்து பாத்துக்கட்டும்" என்பார்கள். ஆகவே வேவு பார்த்தேன். முஸ்லிம் தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் தினமும் வீட்டுக்கான காய்களைத் தானே வந்து வாங்குவார். தாடி, வெள்ளைத் தொப்பி, தோளில் பை. அவர் முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம்.

அவர் விற்பவர்கள் சொல்லும் புகழ்ச்சியைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். சட்டென்று ஒடிந்தால் எடுப்பார், வளைந்தால் வைத்துவிடுவார். கத்தரிக்காயைக் காம்போடு திருப்பி ஓட்டை தேடுவார். கிர்ணிப்பழத்தைக் காம்புப் பக்கம் முகர்வார். விலை கேட்பார். பிடிக்காவிட்டால் சண்டை போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். எடுத்ததை எடுத்த இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வரும்: "பாய், வாங்க, எடுத்துக்குங்க!" அப்போதுதான் திரும்புவார்.

ஒரு நாள் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். நாங்கள் அவர் பையில் போய் முட்டிக்கொண்டோம். "என்ன பாப்பா, வீடு வரைக்கும் வர்றதா உத்தேசமா?" என்றார். தங்கை "ஆமா" என்றாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் வேண்டியதெல்லாம் அதற்குள் தெரிந்துகொண்டாயிற்று.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே போனேன். நல்லதெல்லாம் எனக்கு முன்னால் யாரும் பொறுக்கிவிடக் கூடாது என்ற ஆத்திரம். வரிசையின் முதலில் காலாப்பட்டுக் கீரைக்காரி அப்போதுதான் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கட்டை முகர்ந்தேன், தண்டை ஒடித்தேன், விலை கேட்டேன். சொன்னாள். கட்டைப் பத்திரமாக வைத்தேன், கையைத் தட்டினேன், தங்கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கூப்பிடுவாள் என்று ஒவ்வொரு அடியையும் மெதுவாக வைத்தேன்.

கூப்பிடத்தான் செய்தாள். "அடியே! நில்லுடி! போணி பண்ணாம போறியா? மொதல்ல வந்து தொட்டுட்டு, மோந்துட்டு, வெறுங்கையா போறியே, என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா விடியுறதுக்குள்ள வந்த?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போணி என்றால் அன்றைய முதல் விற்பனை. அது எப்படி அமைகிறதோ அப்படித்தான் அன்றைய வியாபாரம் முழுக்க அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை. முதலில் வருகிறவர் கேட்டுவிட்டு வாங்காமல் போனால் விளங்காது. அந்த ஜவுளிக்காரர் எப்போதும் வெயில் ஏறிய பிறகு, எல்லோருக்கும் போணி ஆன பிறகுதான் வருவார். அதனால்தான் அவருக்கு விட்டுவிட்டு நடக்க உரிமை இருந்தது. நான் அவர் நடையை மட்டும் பார்த்தேன், அவர் வரும் நேரத்தைப் பார்க்கவில்லை.

தங்கை பயந்துபோய் வீறிட்டு அழுதாள். திரும்பிப் போய் வாங்கலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த சாக்குக்காரர் கையை வீசி, "வேற எடம் பாரு புள்ள" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். யாருக்கும் அந்தக் கையால் போணி ஆக இஷ்டமில்லை. வரிசையின் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தேன், உள்ளே மேடைக் கடைகளிலும் அதே கதைதான். அன்று வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் தெரிந்தவர்கள் "என்ன வாங்கின?" என்று கேட்டு எட்டிப் பார்ப்பது போல இருந்தது. வெறுங்கூடை இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

"நாளைக்கு நான் ஆபீஸ் பியூனை அனுப்புறேன்" என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பியூன் வந்தால் நான் தோற்றேன் என்று ஆகிவிடும். "வேணாம். நான்தான் போவேன்" என்றேன். அம்மா படுக்கையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியும்போது அதே கீரைக்காரி முன்னால் நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நகரவில்லை. விலை கேட்கவில்லை, கட்டைத் தொடவில்லை. காசை நீட்டி, "போணி பண்ணிக்குங்க" என்றேன். அவள் என் கையிலிருந்து வாங்கவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தச் சின்னது கையால குடுக்கச் சொல்லு" என்றாள்.

தங்கை முந்தின நாள் அழுத கண்ணோடு என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். காசை அவள் கையில் வைத்தேன். அவள் பயந்து பயந்து நீட்டினாள். கீரைக்காரி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்தாள். ஒரு கட்டுச் சிறுகீரையைக் கொடுத்து, மேலே கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையையும் வைத்தாள். சிரிக்கவெல்லாம் இல்லை. பிள்ளைச்சாவடிக் குப்பத்துப் பெண்களிடம் மீன் வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வந்தபோது அவள் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கீரை மொத்தமும் தீர்ந்துபோயிருந்தது.

கைராசி என்று பெயர் வந்துவிட்டால் போதும், அது தானாகவே பரவும். ராசி தங்கையுடையது, என்னுடையது இல்லை. அதில் எனக்குச் சின்னப் பொறாமைகூட உண்டு. மறுநாள் பூசணிக்காரர் கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் வாழைக்காய்க்காரி கூப்பிட்டாள். "சின்ன பாப்பா, இங்க வா, போணி பண்ணு" என்று இரண்டு பக்கமும் குரல். அந்த வாண்டுக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வரிசையில் நடப்பாள். ஒவ்வொரு சாக்கின் முன்னாலும் நின்று, எதையும் தொடுவதற்கு முன்னால், "போணி ஆயிடுச்சா?" என்று கேட்பாள். இல்லையென்றால் எதையாவது ஒன்றை வாங்காமல் நகர மாட்டாள். ஆயிற்று என்றால், உடனே நான் சொல்லிக்கொடுத்தபடி காயைத் திருப்பிப் பார்ப்பாள், அமுக்குவாள், முகர்வாள், விலை கேட்பாள். படியவில்லை என்று நான் கண்ணைக் காட்டினால் பத்திரமாக வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நடப்பாள்.

திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான். நல்ல பிஞ்சுக் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, வைத்துவிட்டு வந்தவர்களுக்கு அது தெரியும். ஒரு முறை மாம்பிஞ்சைப் பார்த்து அவள் திரும்பிவிட்டாள். விற்றவன் சிரித்துக்கொண்டு விலையை அப்படியே பிடித்துக்கொண்டான். "பாத்தியா? ஆசய அவனுக்குக் காட்டிட்ட" என்று நான் கடிந்துகொண்டேன். அதன் பிறகு அவள் கழுத்தை மரக்கட்டை மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டுதான் நடப்பாள்.

கன்னியர் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு பிரெஞ்சில். ஒருத்தி மூன்று கூடை ஆப்பிள் வாங்குவாள், அதில் பாதி அழுகிவிடும், மீதியைப் பங்கு போட வேண்டும். நான் ஆப்பிளைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்தக் கணக்கு வந்தபோதெல்லாம், பாதி அழுகும் வரை வாங்கினவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எரிச்சலாக வரும். மழைத் தூறல் விழுந்த மறுநாள் கீரையில் மண் இருக்கும், அலசத் தண்ணீர் கூட வேண்டும். சாவடியில் கெடுபிடி என்றால் காலாப்பட்டு வரிசை காலியாக இருக்கும், வில்லியனூர்க்காரர்கள் அன்று விலையில் இறங்கி வர மாட்டார்கள். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அப்பா மறுசோறு கேட்க ஆரம்பித்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்து உட்காரத் தொடங்கினாள்.

உயிர்ப்புக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, அத்தை வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்ததும் நான் அடுப்படிக்குப் போனவள் மதியம்வரை நிமிரவில்லை. கறிக்குழம்பு, முருங்கைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், ரசம். முந்தின நாள் மார்க்கெட்டில் பண்டிகை விலை உச்சியில் இருந்தது. ஆனால் எங்களுக்கென்று முருங்கைக்காயைச் சாக்கின் அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். அத்தை நன்றாகச் சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, "பிரமாதம்டி. எங்க வீட்டுல கூட இப்புடி இல்ல" என்றாள். நான் வெற்றி என்று நினைத்தேன்.

"அப்ப நாளைக்குக் காலை வண்டிக்கே சின்னத கூட்டிட்டுப் போறேன் தம்பி" என்றாள் அதே மூச்சில்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "நீங்கதான அத்தே சொன்னீங்க? ஒழுங்கா நடத்துனா அவ இங்கயே இருக்கட்டும்னு?"

"நீ நடத்திட்ட, யாரு இல்லன்னா? ஆனா நீ எத்தினி நாளைக்கு? உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க வந்தா அவளுக்கு எல்லாம் கிடைக்கும்." அப்பா தரையைப் பார்த்தார். அக்காவுக்கு எதிராக அவர் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா, "அண்ணி சொல்றது அவ நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கி முடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்திருந்தேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

"அவளயே கேப்போமே" என்றாள் அத்தை. பெட்டியைத் திறந்து ஒரு பொம்மையை எடுத்தாள். வெள்ளைக்காரத் தெருக் கடைக் கண்ணாடிக்குள் மட்டுமே நாங்கள் பார்த்திருந்த மாதிரிப் பொம்மை. பீங்கான் முகம், நீலக் கண், லேஸ் வைத்த கவுன். நிமிர்த்தினால் கண் திறக்கும், படுக்க வைத்தால் மூடும். எனக்கே வாயில் எச்சில் ஊறியது.

தங்கை அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் முழுக்கச் சந்தோஷம். போச்சு என்று நினைத்தேன். பிறகு அவள் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பினாள். கவுனைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள். கழுத்தை முகர்ந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "அத்தே, போணி ஆயிடுச்சா?" என்றாள்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "ஆயிடுச்சுடி என் கண்ணு, எப்பவோ ஆயிடுச்சு" என்றாள்.

"என்ன வெல?"

"வெலையா? உனக்கு ஏதுடி வெல? நீ அத்தை கூட ஊருக்கு வரணும். அவ்ளோதான்."

தங்கை பொம்மையை இன்னும் ஒரு முறை பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் கண்ணைக் காட்டவும் இல்லை. சத்தியமாகக் காட்டவில்லை. பொம்மையைப் பாயில் மெதுவாகப் படுக்க வைத்தாள். அதன் கண் மூடிக்கொண்டது. கையை இரண்டு தட்டுத் தட்டினாள். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து என்னிடம் நடந்து வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனாலும் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவளுடையது மாதிரியே இல்லாத ஒரு குரலில், "ஏய்... வாடி. எடுத்துக்க. நீ வர வேணாம்" என்றாள்.

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்து, "படிஞ்சிடுச்சா அக்கா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "படிஞ்சிடுச்சு" என்றேன். அதன் பிறகுதான் ஓடிப்போய்ப் பொம்மையை வாரிக்கொண்டாள். அம்மா சத்தம் போட்டு அழுதாள். அப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அத்தை கொண்டுவந்திருந்த காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பெரிய கடைக்குப் போனோம். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். கத்தரிப் பிஞ்சு, வெண்டை, கீரைக்கட்டு, ஒரு கிர்ணி என்று ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்து நிரப்பினோம். ஸ்டேஷனில் அதைத் தூக்கி அத்தையிடம் கொடுத்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள்.

வண்டிக்குள் அவள் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊதல் கேட்டது. நாங்கள் கையாட்டினோம். அவள் நேரே முன்னால் பார்த்தபடி இருந்தாள், கழுத்து திரும்பவில்லை. வண்டி நகர்ந்தது. தங்கை பொம்மையை இடுக்கிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை திரும்பவே இல்லக்கா. கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டால் என்ன விலை கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நான் தங்கை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடவில்லை.